பில் போடும் கணினிக்கு இரண்டு கணக்கு

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் பட்டாசு ஆலைக்கோ அச்சகத்துக்கோ புதுக் கணினி வந்தால், அன்றே பில் போட ஆரம்பித்துவிடுவார்கள். விண்டோஸ் 11 முதலில் திறக்கும்போது இருப்பிடம், விளம்பர அடையாளம், பயன்பாட்டு விவரம் என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். பாதகமில்லை, செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய்ப் பிறகும் அணைக்கலாம். பயன்பாட்டு விவரத்தில் கட்டாயமானது மட்டும் மைக்ரோசாஃப்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். கூடுதல் விவரத்தை நிறுத்தலாம்.

என்னைக் கேட்டால் இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் பயனர் கணக்கு. முதலில் தொடங்கும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர். அதில் வேண்டாத மென்பொருள் நுழைய ஒரு ‘யெஸ்’ போதும். பட்டாசு ஆலையில் அறைகளை இடைவெளி விட்டுக் கட்டுவது ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாமலிருக்க. அதேபோல பில் போடுபவருக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் தனியே கொடுத்தால், எதையாவது நிறுவும்போது பெரும்பாலும் முதலாளியின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

ஆனால் பில் போடுபவர் திறக்கக்கூடிய கோப்புகளை அந்தக் கணக்கில் புகுந்த வைரஸும் பூட்டிவிடும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு மென்பொருள் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆகவே அப்டேட்டை நிறுத்தாதீர்கள். காலண்டர் டிசைன்களையும் வரவுசெலவுக் கணக்குகளையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கவனிக்க: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பல புதுக் கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேரும். அவசரத்துக்குக் கணினி விற்றவரின் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருந்தால், சாவி அவரிடம்! அதை எடுத்துத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

கணினியில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியலுக்கும் இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தடை விதித்தது. ஆனாலும் தீபாவளி நெருங்கினால் சிவகாசிக் கடை என்று சொல்லி முன்பணம் பறிக்கும் போலித் தளங்கள் முளைக்கின்றன. போன வருடம் வாங்கியவர்களின் பெயரும் போன் நம்பரும் அந்த மோசடிக்காரர்களுக்கு லட்டு மாதிரி. பட்டியல் இருக்கும் கணினியில் பாஸ்வேர்டும், சில நிமிடத்தில் திரை தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பும் அவசியம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.