அதிராம்பட்டினத்துத் தேனீ

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ் இணையதளங்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. அது வாசகரின் கணினியில் இல்லையென்றால், திரையில் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தான் வரிசைகட்டி நிற்கும். எந்த எழுத்துரு, எப்படி நிறுவுவது என்று ஒருவர் கேட்பதும், முகம் தெரியாத இன்னொருவர் படிப்படியாகச் சொல்லித் தருவதும் தமிழ் இணையக் குழுக்களின் அன்றாட வழக்கம்.

அப்படிக் கைகொடுத்தவர்களில், தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர்தம்பி (1953–2006) மறக்கக் கூடாதவர். பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அவர் உருவாக்கிய தேனீ எழுத்துருவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதன் இயங்கு எழுத்துரு வடிவம் வலைப்பக்கத்தோடு சேர்ந்தே இறங்கியதால், வாசகர் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றும் கருவியும் எழுதினார். அந்த வேலை நுணுக்கமானது. பழைய முறையில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என மூன்று துண்டுகள். யூனிகோடிலோ முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஆகவே ஒவ்வொரு கொம்பையும் கருவி இடம் மாற்றியாக வேண்டும்.

2010-இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் இணைய அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.