பிறர் வீட்டில் தங்கி வேலை செய்யப் போகுமுன்

1990-ஆம் ஆண்டு வன்செயலில் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓட்டமாவடிக்கும் வாழைச்சேனைக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. 2006, 2007-ஆம் ஆண்டுகளின் போரில் வாகரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களும் பல. வயல் கைக்கு எட்டாமற் போனதும் கடன் ஏறியது. ஆண்களுக்கு வெட்டுக்காலத்தில் மட்டுமே கூலி கிடைத்தது. அப்போது வீட்டின் மூத்த மகளோ, இரு பிள்ளைகளின் தாயோ கடவுச்சீட்டு எடுத்தார். மத்திய கிழக்கு நாடொன்றில், முன்பின் அறியாத ஒரு வீட்டில் தங்கி வேலை செய்யப் புறப்பட்டார். 1990-களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர்களில் பெண்களே பெரும்பான்மையினர். இன்றும் பலர் புறப்படுகின்றனர்.

இவ்வாறு போகும் பெண்ணின் வீட்டாருக்கு உப முகவர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "அவங்கட சொந்தப் பிள்ளை மாதிரித்தான் பார்த்துக்கொள்ளுவாங்க" என்பார். இந்த வார்த்தையைக் கேட்டுத்தான் தாய் தகப்பன் மனம் ஆறுகிறது. ஆனால் இதன் பெறுமதி என்ன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

ஐரோப்பாவில் ஓர் ஒழுங்கு

ஐரோப்பிய நாடுகளிலும் இளம் பெண்கள் வேற்று நாட்டுக் குடும்பமொன்றில் தங்கிப் பிள்ளைகளைப் பராமரிப்பது உண்டு. அவர்களை 'ஓ பேர்' என்று அழைப்பார்கள். 'சரிசமமாக' என்பது இந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். குடும்பத்தில் ஒருவராக இருந்து, சிறு உதவிகள் செய்து, அந்நாட்டு மொழியைப் பயில்வதே இதன் நோக்கம். அங்கும் 'எங்கள் பிள்ளைபோல' என்றே சொன்னார்கள். ஆயினும் அந்த வார்த்தையை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. 1969-ஆம் ஆண்டு ஐரோப்பிய மன்றத்தின் நாடுகள் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி ஒருவர் பொதுவாக நாளொன்றுக்கு 5 மணித்தியாலத்திற்கு மேல் வேலை செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. இயன்றவரை தனி அறை. உணவும் கைச்செலவுப் பணமும் உண்டு. மொழி வகுப்புக்குப் போக நேரம் விட வேண்டும். இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஒழுங்கிலும் குறைகள் நேர்வதுண்டு. என்றாலும் பிள்ளை என்று சொல்லி அழைத்த வீட்டாரிடமும் நேரம், ஓய்வு, பணம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குவது தவறல்ல என்ற பாடத்தை நாம் இதிலிருந்து படிக்கலாம்.

எமது பெண்களின் நிலை

எமது பெண்கள் மொழி படிக்கப் போவதில்லை. அவர்கள் போவது சம்பளத்திற்கு. அவர்கள் தொழிலாளர்கள். ஆனால் அவர்களின் வேலைத்தலம் மற்றொருவரின் வீடு. ஆடைத் தொழிற்சாலையில் பக்கத்தில் இன்னொருத்தி இருப்பாள். வீட்டுக்குள் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. வளைகுடா நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் 'கபாலா' முறையில் தொழிலாளியின் வதிவிட அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவர் அனுமதியின்றி வீட்டை விட்டு வெளியேறிய பெண், கொடுமைக்குத் தப்பி ஓடியிருந்தாலும், ஓடிப்போனவள் என்று பொலிசில் முறையிடப்படலாம்.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கதையைக் கிழக்கில் அறியாதவர் இல்லை. பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988-இல். கடவுச்சீட்டில் 1982 என்று பதியப்பட்டது. 2005-ஆம் ஆண்டு, 17 வயதில், சவூதி அரேபியாவில் ஒரு வீட்டுக்குச் சென்றார். சில வாரங்களுக்குள், அவர் பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பால் புரைக்கேறியதாக அவர் சொன்னார். கொலை என்று வழக்குத் தொடரப்பட்டு 2007-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9-ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அவர் சிறுமி என்று எடுத்துச் சொன்னபோது, வயதைக் கூட்டிய அதே கடவுச்சீட்டு அதற்குத் தடையாக நின்றது. வறுமைக்காக ஒரு தாளில் மாற்றிய ஓர் இலக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

முன்பு பல நாடுகளின் தொழிற் சட்டங்களில் வீட்டுப் பணியாளருக்கு இடமே இருக்கவில்லை. இப்போது சில மாற்றங்கள் வந்துள்ளன. குவைத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், வருடத்தில் சம்பளத்துடன் 30 நாள் விடுமுறையும் உண்டு. கட்டாரில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 10 மணித்தியாலம் என்கிறது. அங்கு 2021 முதல் மாதத்திற்கு 1,000 றியால் என்ற குறைந்தபட்சச் சம்பளம் வீட்டுப் பணியாளருக்கும் உரியது.

இச்சட்டங்கள் எல்லா வீடுகளிலும் நடைமுறையில் இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் தனக்கு உரிமை உண்டு என்று அறியாத பெண்ணால் முறையிடவே முடியாது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் மூலமே போக வேண்டும். பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ, 1989 என்ற தொலைபேசி இலக்கத்திலோ முகவரைப் பற்றி விசாரிக்கலாம்.

2. பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். உல்லாசப் பயண விசாவில் அனுப்புகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். அவ்வாறு ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட எமது நாட்டுப் பெண்கள் பட்ட பாடு 2022-இல் வெளியே தெரியவந்தது.

3. வயதை மாற்றாதீர்கள். வீட்டுப் பணிக்குச் செல்லக் குறைந்தபட்ச வயது 21 என 2022-இல் தீர்மானிக்கப்பட்டது.

4. ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், உறங்கும் இடம், வீட்டிலுள்ளோர் தொகை, திரும்பி வரும் விமானச் செலவு யாருடையது ஆகியவற்றைக் கேட்டறியுங்கள்.

5. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நிழற்பிரதிகள் இரண்டு எடுங்கள். ஒன்று அவருடன் போகட்டும். மற்றது வீட்டில் இருக்கட்டும். முதலாளியின் பெயர், முகவரி, இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கம் என்பவற்றையும் எழுதி வையுங்கள்.

முற்பணம் என்னும் கட்டு

புறப்படுமுன் முகவர்கள் குடும்பத்தின் கையில் ஒரு தொகையைக் கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. கடனில் மூழ்கிய விவசாயிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பெண் அடி தாங்காமல் திரும்பிவர நினைக்கும்போது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தா என்று கேட்பார்கள். வீட்டாருக்குக் கஷ்டம் வருமே என்று அவள் வாய் திறக்காமல் இருந்துவிடுவாள். ஆகவே முற்பணம் வாங்குவதானால் என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள். எஞ்சியிருக்கும் வயல் உறுதியையோ காணி அனுமதிப்பத்திரத்தையோ இதற்காக ஈடு வைக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கடமை உண்டு. அவர் தன் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திறந்துவிட்டுப் போகட்டும். அனுப்பும் பணத்தில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு பிள்ளைகளின் படிப்புக்கு, எவ்வளவு வயலை மீண்டும் செய்கைபண்ண என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். அவரோடு பேசும்போது பணம் எப்போது வரும் என்று கேட்குமுன், சாப்பிட்டாயா, உறங்க நேரம் கிடைக்கிறதா, சம்பளம் கையில் தருகிறார்களா என்று கேளுங்கள். குரலில் மாற்றம் தெரிந்தாலோ, பேச்சு நின்றுபோனாலோ காத்திராமல் பிரதேச செயலகத்திலும் பணியகத்திலும் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

வேதத்தில் ஆகார் என்றும், எமது முஸ்லிம் சகோதரர்கள் ஹாஜர் என்றும் போற்றும் பெண் பிறர் வீட்டில் பணி செய்தவள். குழந்தையோடு பாலைவனத்தில் தண்ணீரின்றித் தவித்தபோது இறைவன் அந்தக் குரலைக் கேட்டார் என்பது இரு சமயத்தாரின் நம்பிக்கை. இன்று பாலைவன நாடுகளில் இருக்கும் எமது பெண்களின் குரலைக் கேட்கும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட இருந்தால், மேலே சொன்ன ஐந்தையும் அவரோடு இருந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று குறைந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.