துருவில் ஒளிந்த பாட்டு

ஏர்வாடிக் கடற்கரையில் ஒரு சைக்கிளைச் சில நாள் போட்டு வையுங்கள். உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும். அந்தத் துருவுக்கு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். யார் தெரியுமா? பழைய ஆடியோ கேசட்!

கேசட்டுக்குள் ஓடும் பழுப்பு நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. பிளாஸ்டிக் நாடாவில் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பூசியிருப்பார்கள். துருவும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் நாடாவில் இருப்பது காந்தமாகக்கூடிய வகை. பதியும்போது பாட்டு மின்சாரமாக மாறி, 'ஹெட்' என்ற குட்டி மின்காந்தத்துக்கு வரும். நாடா அதை உரசிக்கொண்டு, எறும்பு ஊர்வதுபோல, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். போகிற போக்கில் தூளெல்லாம் பாட்டுக்கு ஏற்றபடி காந்தமாகும். மறுபடி ஓடவிட்டால் அந்தக் காந்தம் மின்சாரமாகி, ஸ்பீக்கரில் பாட்டாகும். 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டின் வித்தை இவ்வளவுதான்.

எங்கள் பக்கம் கேசட் என்றால் பாடகர் நாகூர் ஹனிபாதான். சந்தனக்கூடு விழா சமயத்தில் ஏர்வாடி தர்கா பக்கம் போனால் கணீரென்று அவர் குரல். எங்கள் வீட்டு டேப்பில் மட்டும் அதே குரல் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் வரும்! உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்து, நாடா மெதுவாக ஓடியதுதான் காரணம். வேகம் 6 சதவீதம் குறைந்தால் பாட்டு அரைக் கட்டை இறங்கிவிடும். வேகம் கூடிக் குறைந்தால் சுருதி அலைபாயும்.

போதாததற்குப் பின்னால் ஓயாமல் ஒரு 'உஸ்ஸ்'. தூள்கள் ஒரே சீராக இல்லாமல் தாறுமாறாகக் கிடப்பதால் வரும் சத்தம் அது. வெற்றுக் கேசட்டிலும் கேட்கும். இதைக் குறைப்பதற்கென்றே ரே டால்பி என்ற பொறியாளர் தனி முறை ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் துல்லியமாகப் பதிய முடிகிற இன்றைய இளைஞர்கள், அதே 'உஸ்ஸ்' ஒலியையும் அலைபாயும் சுருதியையும் வேண்டுமென்றே பாட்டில் சேர்க்கிறார்கள்! 'லோ-ஃபை' என்று அதற்குப் பெயர். என்னைக் கேட்டால், அந்தப் போலி 'உஸ்ஸ்' பாலுக்குப் பதில் மாவைக் கரைத்துக் கொடுத்த மாதிரிதான். ஆனாலும் பாட்டு இதமாகத்தான் இருக்கிறது.

இன்றைய பாட்டுக் குழுக்கள் சிலவற்றில் இரண்டே பேர்தான். நம் நாட்டிலும் கொல்கத்தாவில் நிஷ்சய் பாரேக், ஜிவ்ராஜ் சிங் என்ற இருவர் 'பாரேக் அண்ட் சிங்' என்ற பெயரில் கனவுபோல் மிதக்கும் பாட்டுகளைத் தருகிறார்கள். இரண்டு பேர் எப்படி ஒரு கச்சேரி அளவுக்கு ஒலிக்க முடியும்?

அதற்கும் கேசட்டிலேயே விடை உண்டு. சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் 'ஏ' பக்கத்துக்கு இரண்டு ஒலித்தடம், 'பி' பக்கத்துக்கு இரண்டு தடம். 1979-ல் ஜப்பானின் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ' என்ற கருவியில் நான்கு தடங்களையும் ஒரே திசையில் ஓடவைத்தது. முதலில் டிரம்ஸைப் பதியலாம். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் கிடார், பிறகு பாட்டு. ஒரே ஆள் நாலு ஆளாகிவிடலாம்! அந்தக் கேசட்டைச் சாதாரண டேப்பில் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு தடங்களும் பின்னோக்கிப் பாடும்.

பாட்டு மட்டுமா? வளைகுடாவில் இருந்த வாப்பாமார் பேசி அனுப்பிய கேசட்டுகளை எங்கள் ஊர்ப்பக்கம் உம்மாமார் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடைத்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதற்குள் காந்தம் இருக்கிறது. நாடா தொங்கினால் ஆறுபட்டைப் பென்சிலை ஓட்டையில் நுழைத்துச் சுற்றுங்கள். டேப் வைத்திருக்கிற யாரிடமாவது போட்டுக் கேட்டு, ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். ஈரக்காற்று நாடாவைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணைப் பாருங்கள்.