தலைமறைவான அரசனும் மலைநாட்டு உழைப்பாளரும்

தோல்வியுற்ற அரசன் பகைவருக்கஞ்சி உருமாறி அலையும் கதை நம் மக்களிடையே நெடுங்காலம் வழங்கிவருவது. மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்டுவரும் கூத்துகளிலும் பாரதக் கதைக்குத் தனியிடமுண்டு. விராட நகரிலே வீமன் சமையற்காரனாகவும் சகாதேவன் ஆநிரை காப்போனாகவும் மறைந்து வாழ்கின்றனர். அரச குலத்தார்க்கு உழைப்பு ஒரு வேடம். ஓராண்டு கழிந்ததும் அதனைக் களைந்துவிடலாம். நிலமானிய சமுதாயத்தின் இம்மரபைக் கண்டி இராச்சியத்தின் இறுதிக்கால வரலாற்றோடு ஒப்புநோக்குவது பயனுடைத்து.

1798இல் அரியணையேறிய நாயக்க வமிசத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1803இல் பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றியபோது ஏறத்தாழ இருபத்து மூன்று வயதினன். இன்றைய நுவரெலியா மாவட்டத்திலுள்ள ஹங்குராங்கெத்தைக்கு அவன் பின்வாங்கினான். அவனைப் பிடிக்கச் சென்ற படை வெறுங்கையுடன் திரும்பிற்று. பிரபுக்களும் குடியானவரும் அவன் பக்கம் நின்றனர், காய்ச்சலும் பரவிற்று, ஜூன் மாதத்தில் கண்டியிலிருந்த பிரித்தானியக் காவற்படை அழிந்தது. 1815 பெப்ரவரியில் நிலைமை வேறு. பிரபுக்களுடன் மூண்ட முரண்பாடும், கொடுந் தண்டனைகளும், கட்டாய உழைப்பும் அவனைத் தனிமைப்படுத்தியிருந்தன. மீண்டும் மலைகளுள் ஓடியவன், 18ஆந் திகதி மெதமகாநுவரவுக்கு அருகில் எஹலப்பொலவின் ஆட்களிடம் அகப்பட்டான். 1816இல் நாடுகடத்தப்பட்டு, 1832இல் வேலூரில் இறந்தான். 1803இல் அவனைக் காத்தது மலையரண் மட்டுமன்று, மக்களது ஆதரவுமே என்பது இதனாற் புலனாகும்.

1815 மார்ச் 2ஆந் திகதிய கண்டி உடன்படிக்கை, அரசனின் உறவினரான ஆடவரும், உறவினரெனச் சொல்லிக்கொள்வோரும் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுள் நுழைவதைத் தடைசெய்தது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆடவர் திரும்பிவரவும் தடை விதித்தது. தமிழரை அக்கால ஆவணங்கள் அப்பெயராலேயே குறித்தன. எனினும், 1817இல் வில்பாவே என்னும் முன்னாட் பிக்கு, தன்னைத் துரைசாமி என்னும் நாயக்க இளவரசனாக அறிவித்து ஊவாக் கிளர்ச்சிக்கு அரசனானான். கதையில் அரசன் எளியவனாக வேடம் புனைந்தான். இங்கு எளியவன் அரசனாக வேடம் புனைந்தான். அந்நிய ஆட்சிக்கெதிரான மக்கள் எழுச்சிக்கு அரசனென்னும் வடிவமன்றிப் பிறிதொரு வடிவம் அன்று வாய்க்கவில்லை.

தமிழாடவரின் வருகையைத் தடுத்த அதே ஆட்சியிலேதான், சில பத்தாண்டுகளுள், தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கோப்பித் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டனர். மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக வந்தோருட் பலர் வழியிலேயே மடிந்தனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் தோட்டங்களுக்கு நிலந் தந்தது; இவர்கள் உழைப்புத் தந்தனர். அரசுரிமைக்கு அச்சுறுத்தலாகத் தோன்றிய தமிழன், மூலதனத்துக்கு உழைப்பாளனாகத் தேவைப்பட்டான். கோப்பி அழிந்து தேயிலை பரவியபோதும் நிலை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று.

கண்டியின் இறுதி மன்னனைத் ‘தமிழ் மன்னன்’ எனப் போற்றி, மலையக மக்களின் பெருமையை அவன்வழித் தேடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். அவனுடைய முடி இம்மக்களுக்கு உரிமை எதனையும் விட்டுச்செல்லவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு உழைப்பு ஓராண்டில் களைந்துவிடும் வேடமன்று. தலைமுறைகளாகத் தொடரும் வாழ்வு. மலைநாட்டின் மீது இம்மக்களுக்குள்ள உரிமையின் அடித்தளமும் அதுவேயாம்.