நகையினின்று அழுகைக்கு: 'மேசோன் இக்கோக்கு' என்னும் ஜப்பானியப் படக்கதையின் அமைப்பு

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அதனை அடுத்து அழுகையை வைத்தார் தொல்காப்பியர். தம்முள் மாறுபட்ட இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்றல் கருதத்தக்கது. நகையிற் பிறந்த கதையொன்று அழுகையை நோக்கி நடக்குமாயின், அம்மாற்றம் எவ்வாறு நிகழ்தல் கூடும்? கதையின் நடுவே புதியதொரு துன்பத்தைக் கொணர்ந்து புகுத்துதல் ஒரு வழி, அஃது எளிது. முன்னர் எப்பொருள் நகைப்பித்ததோ அப்பொருளே பின்னர் நெஞ்சைக் கனப்பிக்குமாறு செய்தல் மற்றொரு வழி, அஃது அரிது. இவ்வரிய வழியிற் சென்ற படைப்பொன்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் ஆசிரியரும்

ஜப்பானியர் தம் படக்கதையை 'மங்கா' என்பர். கட்டங்களாகப் பகுத்த ஓவியங்களும் உரையாடலும் சேர்ந்து கதையை நடத்தும் இவ்வகையில், காதலும் நகைச்சுவையும் கலந்த கதைகள் பல உள. அவற்றுள் ஒன்று ருமிக்கோ தகஹாஷி என்னும் பெண் எழுத்தாளர் படைத்த 'மேசோன் இக்கோக்கு'. 1957ஆம் ஆண்டு பிறந்த இவர், இக்கதையை 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்னும் இதழில் 1980 முதல் 1987 வரை தொடராக வரைந்தார். 161 அத்தியாயங்கள் கொண்ட இத்தொடர் 15 தொகுதிகளாக வெளிவந்தது.

கதை மிக எளியது. 'இக்கோக்கு இல்லம்' என்பது மரத்தாலாகிய பழைய வாடகை விடுதி. அங்கு ஐந்தாம் எண் அறையில் வாழ்பவன் கொதாய். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, மீண்டும் எழுதக் காத்திருப்பவன். அயலறையினர் அவன் அறையிலேயே கூடிக் குடித்துக் கூத்தாடுவர். படிக்க இயலாமல் விடுதியை விட்டு நீங்கத் துணிந்த நாளில், கியோக்கோ என்னும் இளம்பெண் விடுதிப் பொறுப்பாளராக வந்து சேர்கிறாள். அவளைக் கண்டதும் அவன் துணிவு கரைகிறது. அவளோ கணவனை இழந்தவள். அவள் கணவன் சோயிச்சிரோ மணமான ஓராண்டும் நிறையாமுன் இறந்துபட்டான்.

நகையின் நிலைக்களன்

நகை தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் இத்தொடரின் முற்பகுதி முழுவதும் விரவியுள்ளன. அயலறை வாழ்நர் கொதாயை ஓயாது எள்ளுவர். நான்காம் அறையினனாகிய யோத்சுயா சுவரைத் துளைத்துக்கொண்டே உள்ளே வருவான்; அவன் தொழில் யாதென்பது இறுதிவரை வெளிப்படுவதில்லை. பெயர்களிலும் விளையாட்டு உண்டு. இச்சினோசே, யோத்சுயா, கொதாய், ரொப்போங்கி என்னும் பெயர்களில் முறையே ஒன்று, நான்கு, ஐந்து, ஆறு என்னும் எண்கள் அமைந்துள்ளன; அவையே அவரவர் அறையெண்களும் ஆகும்.

கியோக்கோவின் குடிப்பெயர் ஒத்தோனாஷி என்பது. 'ஓசையில்லாமை' என்று பொருள்படும் அப்பெயர் எண்வரிசையில் சுழியத்தைக் குறிக்கும். அஃது அவள் கணவன் வழி வந்த பெயர் என்பதை அறிந்தபின், அவ்வெண் விளையாட்டில் ஒரு வெறுமை ஒலிக்கக் காண்கிறோம்.

நகை திரியும் இடம்

இம்மாற்றத்திற்குத் தலையாய சான்று நாயின் பெயர். கியோக்கோ வளர்க்கும் வெண்ணிற நாய்க்குச் சோயிச்சிரோ என்று பெயர். அவள் அன்புடன் அப்பெயரைச் சொல்லக் கேட்ட கொதாய் தடுமாறுகிறான். இது பேதைமை பற்றிய நகை. அஃது இறந்த கணவனின் பெயர் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அதன்பின் அவள் நாயை அழைக்குந்தோறும் படிப்போர் செவியில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஆசிரியர் புதிய சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. பழைய நகைப்பொருளே இழவின் அடையாளமாகிவிட்டது.

ஓவியத்திற்கே உரிய உத்தி ஒன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சோயிச்சிரோவின் முகத்தை ஆசிரியர் ஓரிடத்தும் காட்டவில்லை. நினைவுக் காட்சிகளிலும் நிழற்படத்திலும் அவன் முகம் மறைந்தே நிற்கிறது. முகமுள்ள பகைவனோடு போட்டியிடலாம். மித்தாக்கா என்னும் செல்வனோடு கொதாய் அங்ஙனமே போட்டியிடுகிறான், அதில் நகை பிறக்கிறது. முகமில்லாத ஒருவனோடு யார் போட்டியிடுவர்? கதையின் மெய்யான சிக்கல் இங்கேதான் உள்ளது.

பிழையுணர்வினால் விளையும் நகையும் இவ்வாறே திரிகிறது. நாய்க்கு அஞ்சும் மித்தாக்காவின் வாழ்வு ஒரு நாயாலேயே முடிவு செய்யப்படுகிறது. தனக்கு மணம் பேசப்பட்ட அசுனா என்னும் பெண் தன்னால் கருவுற்றாள் என மயங்கி, அவளை மணக்க அவன் உடன்படுகிறான். கருவுற்றது அவள் வளர்த்த நாயே. படிப்போர் நகைப்பர், ஆயினும் அச்சொல்லினின்று அவன் மீளவில்லை. நகைக்குப் பிறந்த பிழை, வாழ்நாள் முழுவதற்கும் உரிய முடிவாகிறது.

வறுமையும் காலமும்

அழுகையின் நிலைக்களன்களுள் வறுமையும் ஒன்று. கொதாயின் வறுமை முதலில் நகைக்கே பயன்படுகிறது. காலம் செல்லச் செல்ல அது வேறாகிறது. அவன் பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெறுகிறான். நிலையான வேலை வாய்க்கவில்லை. மழலையர் பள்ளியிற் சில காலமும், இரவு விடுதியிற் பணிபுரியும் பெண்களின் குழந்தைகளைக் காக்கும் வேலையிற் சில காலமும் கழிக்கிறான். குழந்தை வளர்ப்பு ஆசிரியர்க்குரிய தகுதித் தேர்வில் வென்ற பின்னரே மணத்தைப் பற்றி வாய்திறக்கத் துணிகிறான்.

இதற்கு இடந்தருவது கதையின் கால ஓட்டமாகும். இதே ஆசிரியர் 1978 முதல் 1987 வரை வரைந்த 'உருசேய் யாட்சுரா' என்னும் தொடரில் பருவங்கள் மாறும். மாந்தர்க்கு வயது ஏறாது. அங்கு நகை நகையாகவே நிலைத்தது. இக்கோக்கு இல்லத்திலோ படிப்போரின் ஆண்டுகளோடு மாந்தரின் ஆண்டுகளும் கழிகின்றன. காலம் கழியும் உலகில் எந்த விளையாட்டும் விளையாட்டாகவே நீடிக்க முடியாது என்பதை இவ்வொப்பீடு தெளிவிக்கும்.

முடிவின் சிறப்பு

தன்னை மணக்க வேண்டும் எனக் கொதாய் கேட்டபோது, ஒருநாளேனும் தன்னினும் மிகுதியாக அவன் வாழ வேண்டும் என்று கியோக்கோ வேண்டுகிறாள். இன்னொரு முறை தனித்து நிற்கும் ஆற்றல் அவளுக்கில்லை. பின்னர்க் கொதாய் சோயிச்சிரோவின் கல்லறை முன் தனியே நின்று பேசுகிறான். இறந்தவனை மறக்குமாறு அவளைக் கேட்பதில்லை என்றும், அவள் உள்ளத்தில் வாழும் அவனையும் சேர்த்தே ஏற்பதாகவும் கூறுகிறான். அவன் அறியாமல் அவள் அதனைக் கேட்கிறாள். தொடர் முழுவதும் மறைந்து கேட்டல் குழப்பத்தையும் நகையையுமே விளைத்தது. இவ்விடத்தில் அதுவே உண்மையைக் கொணர்ந்து தருகிறது.

குறையும் உண்டு. பிழையுணர்வு, ஊடல், சமாதானம் என்னும் வட்டம் நடுப்பகுதியிற் பலமுறை மீண்டும் மீண்டும் வருகிறது; இதழ்த் தொடரின் தேவை அதனை நீட்டித்தது எனலாம். எனினும் அந்நீட்சியின்றி ஆண்டுகள் கழிந்த உணர்வு படிப்போர்க்குத் தோன்றியிராது.

முடிவுரை

இறந்தார் மேலுள்ள அன்பும் இருப்பார் மேலுள்ள அன்பும் ஓருள்ளத்தில் ஒருங்கே வாழ்தல் கூடுமா என்பதே இந்நூல் எழுப்பும் வினா. அதனை எடுத்த எடுப்பிலேயே வினவியிருப்பின், படிப்போர் இரக்கத்தோடு கேட்டு அகன்றிருப்பர். நகையின் வாயிலாக அவ்விடுதியிற் பல்லாண்டு உடன் உறைந்தமையால், அவ்வினா அவர்தம் வினாவும் ஆகிறது. நகைச்சுவை இலக்கியத்தை எளிதென ஒதுக்கும் ஆராய்ச்சியாளர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறுதியில் இருவரும் ஹாருக்கா என்னும் பெண்குழந்தையுடன் அப்பழைய விடுதிக்கே திரும்புகின்றனர். வாயிலில் அவர்களை எதிர்கொள்வோர் அதே அயலறையினர். அவர்கள் மாறவில்லை, அவர்களைக் கண்டு நகைக்கும் நாம் மாறியிருக்கிறோம்.