வயிற்றுக்குள் ஒரு வழவழ கவசம்!

குட்டீஸ்... எலுமிச்சைச் சாறு கண்ணில் பட்டால் எப்படி எரியும்? அதைவிடக் கடுமையான அமிலம், உங்கள் இரைப்பைக்குள் சுரக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பெயர். கறித்துண்டைச் செரிக்க உதவும் அந்த அமிலம், சதையாலான இரைப்பையை மட்டும் ஏன் அரிப்பதில்லை?

கோழைதான் காரணம். 'ச்சீ...' என்று முகம் சுளிக்காதீர்கள்! நறுக்கிய வெண்டைக்காயைத் தொட்டால் வழவழவென்று இருக்குமே... அதுபோன்ற ஒரு படலம், இரைப்பையின் உள்சுவர் முழுக்கப் படர்ந்து அதைக் காக்கிறது. சுவரில் உள்ள செல்களே இதைச் சுரக்கின்றன. மேல்வரிசைச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும். அந்த இடத்துக்குப் புதிய செல்கள் வந்து வேலையைத் தொடரும்.

புது செல்லுக்கு வேலையை யார் சொல்லித் தருவது? ஜீன்கள்! தோல், குடல், இரைப்பை என எங்கு பார்த்தாலும், செல்களுக்குள் இருப்பது ஒரே ஜீன் தொகுப்புதான். ஆனால், வீட்டில் ஆள் இருக்கும் அறையில் மட்டும் விளக்கு போடுவதுபோல, ஒவ்வொரு செல்லும் தனக்குத் தேவையான ஜீன்களின் 'சுவிட்சை' மட்டுமே போடும். இரைப்பையின் மேல்வரிசையில் 'மக் 5ஏசி' என்ற கோழை ஜீன் வேலை செய்யும். 'மக் 2' குடலுக்கு உரியது. இரைப்பையில் அதற்கு வேலையில்லை.

இந்தக் கோழைக்குள் புகுந்து வாழும் சுருள் வடிவ பாக்டீரியா ஒன்று உண்டு. பெயர், ஹெலிகோபேக்டர் பைலோரி. அது பல ஆண்டுகள் தங்கி இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கினால், சிலருக்கு சுவிட்ச் மாறிவிடுகிறது! குடலில் மேஸ்திரி வேலை பார்க்கும் 'சிடிஎக்ஸ் 2' ஜீன், இரைப்பையில் விழித்துக்கொண்டு 'மக் 2'வையும் எழுப்பிவிடும். இரைப்பைச் செல்கள், குடல் செல்களைப் போல மாறத் தொடங்கும்.

பயப்படாதீர்கள், இது புற்றுநோய் இல்லை. பெரும்பாலோருக்கு அப்படி ஆவதும் இல்லை. ஆனால், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, இந்த வழியில் புற்றுநோய் வரலாம். அதனால், டாக்டர்கள் துளியூண்டு சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

'அமிலத்தில் பாக்டீரியா வாழுமா?' என்று ஒரு காலத்தில் பலர் நம்பவில்லை. ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1984ல், அந்த பாக்டீரியா கலந்த திரவத்தைத் தானே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி. இரைப்பைச் சுவரும் சிவந்து வீங்கியது. பிறகு, மருந்து சாப்பிட்டுக் குணமானார். (அசட்டுத் துணிச்சல்தான்!) 1994ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்குபவை பட்டியலில் இந்த பாக்டீரியாவைச் சேர்த்தது. 2005ல், மார்ஷலும் அவரது நண்பர் ராபின் வாரனும் நோபல் பரிசு பெற்றனர்.

இன்று அந்த பாக்டீரியாவை மாத்திரைகளால் ஒழித்துவிடலாம். மாறிப்போன சுவிட்சைப் பழையபடி திருப்புவதற்குத்தான், விஞ்ஞானிகள் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.