தோல் அரணும் காவல் அணுக்களும்

அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், உற்றவிடத்து உதவும் வீரரும் உள்ளிருத்தல் வேண்டும் என்றார். உடலின் புறமதிலாகிய தோலுக்கும் இது பொருந்துமென்பதையே ஈண்டு நாம் விளக்கப் புகுகிறோம்.

மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் உள்ளன. 1868இல் இவற்றைக் கண்ட ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் நரம்பணுக்கள் என்றே கருதினார். உண்மையில் இவை ஒற்றர்கள். புகுந்த கிருமியின் கூறினை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுசென்று டி அணுக்களுக்குக் காட்டுகின்றன. டி அணுக்கள் ஏவ, விழுங்கணுக்கள் கிருமியை அழிக்கின்றன. பின்னர்ச் சிதைவுகளை அகற்றிப் புண் ஆறத் துணைபுரிவனவும் இவ்விழுங்கணுக்களே. காவலரே கொத்தனாரும் ஆகின்றனர்!

இக்காவல் பிறழ்வதைத் தொழுநோயில் தெளிவாகக் காணலாம். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் இயங்கிவருவதால், இந்நோயின் பெயர் காஞ்சி வட்டாரத்தார்க்குப் புதிதன்று. 1873இல் ஹான்சன் கண்ட இக்கிருமி, தன்னை அழிக்கவேண்டிய விழுங்கணுவினுள்ளேயே குடியேறுகிறது. பெரும்பாலோர்க்குக் காவல் வலிதாதலின் நோய் தோன்றுவதேயில்லை. டி அணுக்கள் தளர்ந்தோரிடம் கிருமி பல்கிப் பரவும். அவை முனைந்தெழுவோரிடம் ஓரிரு தேமல்களோடு நோய் நிற்கும்; ஆயினும் அப்போரிலேயே அருகிலுள்ள நரம்பு சிதையும். கிருமி ஒன்றே, நோயின் வடிவத்தைப் பெரிதும் முடிவுசெய்வது காவலே.

நரம்பு கெட்டால் வலி தெரியாது; வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கும். நம்மூர் நெசவாளர் அறுந்த பட்டிழையை விரல்நுனியால் உணர்ந்து முடிபவர். குழித்தறியில் காலால் மிதிப்பவர். அவ்விரலும் பாதமும் மரத்துப்போனால் பிழைப்பு என்னாவது? விரல்களை நோய் நேரே அழுகச் செய்வதில்லை, உணர்விழந்த கை அறியாது படும் சூடும் வெட்டுமே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். தசைநாண்களை இடம்மாற்றி, மடங்கிய விரல்களையும் நிமிர்த்தினார். பாவத்தின் பயன் என்று இன்றும் பேசுவோர்க்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. 6 அல்லது 12 மாதங்கள் முறையாக உண்டால் நோய் தீரும். ஆனால் நெடுநாள் சிதைந்த நரம்பு மீள்வது அரிது. எனவே உணர்வற்ற தேமலைக் கண்டதும் காட்டிவிட வேண்டும். அச்சத்தால் மறைத்தோரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நோயாளரை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பெற்றது.